முதல் பேஸுக்குத் தொண்ணூறு அடி

பக்கத்து வீட்டுப் பெரியவர் பேஸ்பால் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் சட்டைப்பையில் இரண்டு பென்சில்கள் வைத்துக்கொள்வார். அரங்கில் ஸ்கோர் கார்டை முழங்கால்மேல் விரித்துக்கொண்டு, ஒவ்வொரு பேட்டரும் என்ன ஆனார் என்பதை அதற்குரிய சிறு கட்டத்தில் எழுதிக்கொண்டே வருவார். பேட்டர் சுற்றி ஓடித் தொட வேண்டிய இடங்களுக்கு பேஸ் என்று பெயர். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து பேட்டர் அவுட்டானால் 6-3 என்று எழுத வேண்டும். 6 ஷார்ட்ஸ்டாப்பின் எண், 3 முதல் பேஸில் நிற்பவரின் எண். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் பிட்ஸ்பர்கிற்குக் குடிவந்த புதிதில், பிஎன்சி பார்க் அரங்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இந்த எழுத்துமுறையைக் கற்றுக்கொண்டிருந்தபோது, சில கட்டங்களின் ஓரத்தில் மட்டும் அவர் ஒரு புள்ளி வைப்பதைக் கவனித்தேன். என்னவென்று கேட்டேன். அவுட்டாகப் போகிறோம் என்று தெரிந்தும் இந்தப் பையன் முழு வேகத்தில் ஓடினான், அதற்காக, என்றார். அந்தப் புள்ளிக்கு ஸ்கோர் எழுதும் முறையில் எங்கும் இடம் கிடையாது. அவரே தமக்காக வைத்துக்கொண்ட வழக்கம் அது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் புள்ளியின் அருமை எளிதில் பிடிபடாது. கிரிக்கெட்டில் பந்தை அடித்துவிட்டு ஓடாமல் நின்றுகொள்ளலாம். ஓடுவதா வேண்டாமா என்பது பேட்ஸ்மேனின் விருப்பம். பேஸ்பாலில் பந்து எல்லைக்கோடுகளுக்குள் விழுந்து உருண்டுவிட்டால் பேட்டர் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸை நோக்கி ஓடியே ஆக வேண்டும். தூரம் தொண்ணூறு அடி. பந்து அவர் வந்து சேர்வதற்குள் அங்கு நிற்பவரின் கையுறைக்குள் போய்விட்டால் அவுட். ஷார்ட்ஸ்டாப்பை நோக்கி நேராக உருண்டு போகும் பந்தில் பேட்டர் தப்பிப்பது மிக அரிது என்பதால், பலர் பாதி வேகத்தில் ஓடி, பாதி வழியிலேயே திரும்பி விடுகிறார்கள். அதில் பெரிய குற்றமும் இல்லை. ஒரு சீசனில் 162 ஆட்டங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம். உடம்பைப் பாதுகாக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த 162 ஆட்டங்களும் ரசிகனின் கண்ணெதிரேதான் நடக்கின்றன. நாள்தோறும் பார்க்கும் ஒருவரைப் பற்றி, அவர் ஜெயித்த நாளைவிட, ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதுதான் நமக்கு அதிகம் தெரிந்திருக்கும். பேஸ்பால் ரசிகர்கள் ஒரு வீரரைக் காலமெல்லாம் மனத்தில் வைத்துக்கொள்வதற்கான காரணத்தை நான் அங்கேதான் தேடுகிறேன்.

நம்மவர்களுக்கு பிட்ஸ்பர்க் என்றதும் பென் ஹில்ஸ் வெங்கடேசுவரர் கோயில் நினைவுக்கு வரும். இந்த ஊர்க்காரர்களுக்கு நினைவில் நிற்பது ராபர்டோ கிளெமென்டே. 18 சீசன்கள், 1955 முதல் 1972 வரை, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒன்றுக்கே ஆடியவர். அரங்கிற்குப் போகும் பாலத்துக்கு அவர் பெயர். பாலம் முடியுமிடத்தில் அவர் சிலை. அவர் நின்று காத்த, மைதானத்தின் வலது கோடியான ரைட் ஃபீல்ட் பக்கத்துச் சுவரை, அவருடைய சட்டை எண் 21 என்பதற்காக, 21 அடி உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். அவர் இறந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவர் ஆடியதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆனாலும் ஆட்ட நாளில் அந்தப் பாலத்தை வண்டிகளுக்கு மூடிவிட்டு மக்களை நடக்க விடும்போது, 21 போட்ட சட்டை அணிந்த சிறு பிள்ளைகளைக் கூட்டத்தில் காணாமல் இருக்க முடியாது.

புவெர்ட்டோ ரிக்கோவில் கரோலினா என்ற ஊரில் 1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி பிறந்தவர் கிளெமென்டே, வீட்டில் கடைக்குட்டி. தந்தை கரும்புத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். பள்ளி நாட்களில் ஈட்டி எறிந்து பழகிய தோள் அது என்று பலரும் சொல்வார்கள். ரைட் ஃபீல்டின் மூலையிலிருந்து அவர் எறிந்த பந்து மூன்றாம் பேஸில் நிற்பவரின் கைக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்ததற்கு அதைத்தான் காரணமாகக் காட்டுவார்கள். பேட்டிங் சராசரியில் நான்கு முறை, பைரேட்ஸ் ஆடும் நேஷனல் லீகில் முதலிடம். 1966இல் லீகின் மிகச்சிறந்த வீரர் விருது. 1961 முதல் 1972 வரை ஒவ்வோர் ஆண்டும் ஃபீல்டிங்குக்கான கோல்ட் க்ளவ் விருது. இவற்றையெல்லாம் பெரியவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். சொல்லி முடித்ததும், இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது என்பதுபோல் கையை அசைத்துவிட்டு, தரையோடு உருண்டு போன இரண்டு பந்துகளைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

முதல் பந்து 1960ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் தேதியைச் சேர்ந்தது. ஆண்டின் கோப்பையை முடிவுசெய்யும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், அதாவது இறுதி ஆட்டம். ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் அரங்கில் பைரேட்ஸும் நியூயார்க் யாங்கீஸும் மோதுகின்றன. எட்டாவது இன்னிங்ஸின் பின்பாதி, அதாவது பைரேட்ஸ் பேட் செய்யும் முறை, தொடங்கும்போது 7-4 என்று யாங்கீஸ் முன்னால் இருக்கிறது. பைரேட்ஸ் ஒரு ரன் எடுத்து 7-5 ஆக்கிவிடுகிறது. அதற்குள் இரண்டு அவுட்டும் ஆகிவிட்டது. இன்னும் ஓர் அவுட் விழுந்தால் இன்னிங்ஸ் முடிந்துவிடும். கிளெமென்டே அடித்த பந்து மட்டையில் சரியாகப் படாமல் முதல் பேஸ் பக்கமாகத் தத்தித் தத்திப் போகிறது. முதல் பேஸ்காரர் முன்னால் வந்து பந்தை எடுக்கிறார். அவர் விட்டுவந்த பேஸுக்கு, பந்து வீசுபவரான பிட்சர் ஓடிப் போய் நிற்க வேண்டும். பிட்சர் ஒரு கணம் பிந்திவிடுகிறார். கிளெமென்டே பிந்தவில்லை. அவர் பேஸைத் தொட்டபோது பந்தை எறிவதற்கு அங்கே ஆளே இல்லை. ஒரு ரன் வந்தது, 7-6. அடுத்து வந்த ஹால் ஸ்மித் பந்தைச் சுவருக்கு அப்பால் அடித்து ஹோம் ரன் எடுத்தார். பேஸ்களில் நின்ற இருவரோடு அவரும் வந்து சேர, மூன்று ரன்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் 9-9 என்று சமன் செய்ய, பில் மேசரோஸ்கி அடித்த ஹோம் ரன்னில் 10-9 என்று பிட்ஸ்பர்க் வென்றது. அந்தத் தொடரைப் பற்றி எங்கே பேசினாலும் மேசரோஸ்கியின் பெயர் வரும், அது நியாயமும்கூட. கிளெமென்டே அன்று பாதி வேகத்தில் ஓடியிருந்தால் மேசரோஸ்கிக்கு அந்த வாய்ப்பே வந்திருக்காது என்பது பெரியவரின் வாதம். ஆட்டத்தின் பதிவை முழுவதுமாகக் கேட்டபின் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இரண்டாவது பந்து 11 ஆண்டுகள் கழித்து, 1971 உலகத் தொடரில், பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில். முதல் இரண்டு ஆட்டங்களிலும் பைரேட்ஸ் தோற்றிருந்தது. ஏழாவது இன்னிங்ஸில் 2-1 என்று ஒரே ஒரு ரன் முன்னிலை. கிளெமென்டே அடித்த பந்து நேராக பிட்சர் மைக் குவெயாரின் கைக்கே திரும்பிப் போகிறது. பேஸ்பாலில் இதைவிட எளிதான அவுட் அதிகம் இல்லை. பந்தை எடுத்து நிதானமாகத் திரும்பிய குவெயார், 37 வயதுக்காரர் ஒருவர் பின்னால் தீப்பிடித்ததுபோல் முதல் பேஸை நோக்கி ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். பதறி எறிகிறார். எறி விலகிப் போகிறது, கிளெமென்டே தப்பிக்கிறார். அடுத்தவர் வாக் (பிட்சர் தவறான பந்துகளை வீசுவதால் அடிக்காமலே கிடைக்கும் முதல் பேஸ்) பெற, அதற்கு அடுத்து வந்த பாப் ராபர்ட்சன் மூன்று ரன் ஹோம் ரன் அடிக்க, ஆட்டம் 5-1 என்று முடிகிறது. அங்கிருந்துதான் தொடர் திரும்பியது. ஏழாவது ஆட்டத்தில் கிளெமென்டேயே ஒரு ஹோம் ரன் அடிக்க, பைரேட்ஸ் 2-1 என்று வென்றது. தொடர் முழுவதும் அவர் பேட்டிங் சராசரி .414, அதாவது பத்து முயற்சிகளில் நான்குக்கு மேல் வெற்றி, தொடரின் மிகச்சிறந்த வீரரும் அவர்தான். ஆனால் குவெயாரின் பதற்றத்தை எந்தச் சராசரியிலும் சேர்க்க முடியாது. அந்த ஓட்டத்துக்குக் கிளெமென்டேயின் கணக்கில் ஒரு ஹிட்கூட, அதாவது தம் அடியாலேயே பேஸை அடைந்தார் என்ற பதிவுகூட, ஏறவில்லை. பிட்சரின் பிழை என்று மட்டுமே பதிவாயிற்று.

இந்த இரண்டு பந்துகளுக்கும் நடுவில் கடந்த 11 ஆண்டுகளில், எதுவும் பணயத்தில் இல்லாத எத்தனையோ ஆட்டங்களில், அவர் இதேபோல ஓடி இதேபோல அவுட்டாகியிருப்பார். அந்த ஓட்டங்களைப் பார்த்தவர்கள்தான் அவரை இந்த அளவுக்கு நேசித்தார்கள் என்பது என் எண்ணம். பெரிய நாளில் புதிதாக எதையும் அவர் செய்துவிடவில்லை. அன்றாடம் செய்ததையே செய்தார்.

அவர் எளிதில் பழகக்கூடிய மனிதராக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1960இல் அணி கோப்பை வென்றும், மிகச்சிறந்த வீரருக்கான வாக்கெடுப்பில் தமக்கு எட்டாவது இடம்தான் கிடைத்தது என்ற மனத்தாங்கல் அவருக்கு இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஒரு கார் விபத்தில் முதுகில் பட்ட அடி ஆயுள் முழுக்கத் தொல்லை கொடுத்தது. பேட் செய்யப் போகும்போது கழுத்தை இப்படியும் அப்படியும் சுழற்றிச் சொடுக்கிக்கொண்டேதான் போவார். வலி என்று சொன்னால் பத்திரிகைக்காரர்கள் கற்பனை நோய் என்று எழுதினார்கள். கறுப்பினத்தவர், அதிலும் ஸ்பானிஷ் பேசுபவர் என்று இரண்டு வேலிகளைத் தாண்டி வந்தவர் அவர். அவர் பேசிய ஆங்கிலத்தை உச்சரிப்புப் பிழையோடு அப்படியே எழுத்துக்கூட்டி அச்சிட்டன சில பத்திரிகைகள். பேஸ்பால் அட்டைகளில் பல ஆண்டுகள் அவர் பெயர் 'பாப் கிளெமென்டே' என்றே அச்சானது. என் பெயர் ராபர்டோ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த இடத்தை எழுதும்போது என்னால் விலகி நின்று எழுத முடியவில்லை. இந்த நாட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் பெயரைப் பாதியாக வெட்டி ஒரு சுருக்கப் பெயரை மேசைமேல் வைத்தார்கள். ஏழு ஆண்டுகள் அதற்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன். கிளெமென்டேயைப் பற்றிப் படித்த பிறகுதான் முழுப் பெயரைத் திரும்பக் கேட்டு வாங்கினேன்.

1971 வெற்றிக்குப் பிறகு உடை மாற்றும் அறையில் தொலைக்காட்சிக்காரர்கள் ஒலிவாங்கியை நீட்டியபோது, ஆங்கிலத்தில் பேசுவதற்கு முன் ஸ்பானிஷில் சில சொற்கள் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் வாழ்க்கையின் மிகப் பெரிய நாளில் என் பிள்ளைகளுக்கு என் ஆசிகள், என் பெற்றோர் எனக்கு ஆசி வழங்கட்டும் என்று அவர் சொன்னார். நல்ல காரியம் எதுவானாலும் பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்திருக்கும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது. அமெரிக்கா முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், தம் தாய்தந்தையின் மொழியில், அவர்களை நோக்கி அவர் பேசினார். ஸ்பானிஷ் பேசும் மக்களுக்கு அந்தச் சில நொடிகள் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

1972 செப்டம்பர் 30 அன்று நியூயார்க் மெட்ஸ் பிட்சர் ஜான் மேட்லேக்கின் பந்தில், இரண்டாம் பேஸ்வரை கொண்டுசேர்க்கும் ஒரு டபிள் அடித்து 3,000 ஹிட்களை எட்டினார். முறையான சீசன் ஆட்டங்களில் அதுவே அவருடைய கடைசி ஹிட். டிசம்பர் 23 அன்று நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் தகர்த்தது. சில வாரங்களுக்கு முன்புதான் ஓர் அமெச்சூர் அணிக்கு மேலாளராக அந்நாட்டுக்குப் போய் வந்திருந்தார் அவர். தாம் திரட்டி அனுப்பிய நிவாரணப் பொருள்கள் மக்களுக்குப் போய்ச் சேரவில்லை, ராணுவத்தினர் கைப்பற்றிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தாம் நேரில் போனால் தொட மாட்டார்கள் என்று நம்பி டிசம்பர் 31 இரவு அளவுக்கு மீறிச் சுமையேற்றிய ஒரு பழைய சரக்கு விமானத்தில் புறப்பட்டார். சான் ஹுவானிலிருந்து எழும்பிய சற்று நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. அவருடைய அணித் தோழர் மேனி சங்கிஜேன் இரங்கல் கூட்டத்துக்குப் போகாமல், மூழ்கித் தேடுபவர்களோடு சேர்ந்து கடலில் இறங்கித் தேடினார். ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்தபின்பே ஹால் ஆஃப் ஃபேம் என்னும் பேஸ்பால் புகழரங்குக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற விதியை விலக்கி 1973இலேயே அவரைச் சேர்த்தார்கள். லத்தீன் அமெரிக்க வீரர்களில் அந்தப் பெருமை பெற்ற முதல்வர் அவர். மக்களுக்குத் தொண்டு செய்யும் வீரர் ஒருவருக்கு ஒவ்வோர் ஆண்டும் வழங்கப்படும் விருதுக்கு இன்று அவர் பெயர்தான்.

கிளெமென்டேயின் முடிவு இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் அவரை மக்கள் மறக்கவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஏற்காததற்குக் காரணம் ஜிம் அபாட். மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட் நகரத்தில் 1967இல் வலது உள்ளங்கையும் விரல்களுமின்றிப் பிறந்தவர் அவர். இடது கையால் பந்து வீசும் பிட்சர். வீசும் வரை கையுறை அவருடைய வலது முன்கையின் நுனியில் தொற்றிக்கொண்டிருக்கும். பந்து கையை விட்டதும், அது பேட்டரைச் சென்று சேர்வதற்குள், இடது கையைக் கையுறைக்குள் நுழைத்துவிடுவார். பந்து தம்மிடம் திரும்பி வந்தால் பிடித்து, கையுறையை வலது முன்கைக்கும் உடம்புக்கும் நடுவில் இடுக்கி, கையை உருவி, உள்ளிருக்கும் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிவார். எழுதும்போது நான்கு வேலைகள். பார்க்கும்போது ஒரே அசைவு. சிறுவனாக இருக்கும்போது ஒரு சுவரில் பந்தை எறிந்து எறிந்து, மாற்றி மாற்றிப் பிடித்துப் பழகியது. பள்ளி ஆட்டங்களில் எதிரணியினர் வேண்டுமென்றே பந்தை மெல்லத் தட்டி அவர் பக்கமே உருட்டிப் பார்த்தார்கள். அவர் எடுத்து எறிந்துகொண்டே இருந்தார்.

1993 செப்டம்பர் 4 அன்று, யாங்கீஸ் அணிக்காக, கிளீவ்லேண்டுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். அதற்கு முந்தைய வாரம் அதே கிளீவ்லேண்ட் அணி அவரை அடித்து நொறுக்கியிருந்தது. இருந்தும் மொத்தக் கணக்கைப் பார்த்தால் 87 வெற்றி, 108 தோல்வி. 1996இல் இரண்டு வெற்றிக்கு எதிராகப் பதினெட்டுத் தோல்வி. ஹால் ஆஃப் ஃபேமில் அவர் இல்லை. ஆனால் அணி எந்த ஊருக்குப் போனாலும், கையில் குறையோடு பிறந்த பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்துக்கொண்டு வந்து அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் அவர்களோடு நேரம் ஒதுக்கிப் பேசினார், வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதினார். தோற்ற நாளிலும் அந்தக் கையுறை மாறிய வேகம் குறையவில்லை என்பதைத்தான் அந்தப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்.

ஜப்பானிலிருந்து வந்த இச்சிரோ சுசூகியை விரும்புகிறவர்களுக்கும் இதே காரணத்தைச் சொல்லலாம். 2004இல் ஒரே சீசனில் 262 ஹிட்கள் எடுத்து, 1920இல் ஜார்ஜ் சிஸ்லர் வைத்த 257 என்ற சாதனையைக் கடந்தவர். பந்து மட்டையில் படும்போதே அவர் உடம்பு முதல் பேஸை நோக்கிச் சாய்ந்திருக்கும். மற்றவர்களுக்கு அவுட்டாகும் உருட்டல்களை அவர் கால்கள் ஹிட்களாக மாற்றின. பின்னாளில் சிஸ்லரின் கல்லறையைத் தேடிச் சென்று பூ வைத்துவிட்டு வந்தார். 2,632 ஆட்டங்களை ஒன்றுகூட விடாமல் ஆடிய கால் ரிப்கனைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். மறுபக்கம் பாரி பாண்ட்ஸ் இருக்கிறார். பிட்ஸ்பர்கில் தொடங்கியவர், 762 ஹோம் ரன்கள் அடித்தவர். அவரைவிட அதிகம் அடித்தவர் எவருமில்லை. அவர் திறமையைப் பற்றிப் பெரியவர் மணிக்கணக்கில் பேசுவார், குரலில் மட்டும் அன்பு இருக்காது.

ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் இப்போது இல்லை. அது நின்ற ஓக்லாண்ட் பகுதியில் பல்கலைக்கழகக் கட்டடங்கள் வந்துவிட்டன. வெளிச்சுவரின் ஒரு துண்டு மட்டும், கொடி படர்ந்த செங்கல் சுவராக, மிச்சமிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 13ஆம் தேதி நண்பகலுக்குப் பிறகு அந்தச் சுவருக்கருகே மக்கள் மடக்கு நாற்காலிகளோடு கூடி, 1960ஆம் ஆண்டின் ஏழாவது ஆட்டத்து வானொலி வர்ணனையை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை ஒலிக்கச் செய்து கேட்கிறார்கள். மேசரோஸ்கியின் ஹோம் ரன் அன்று விழுந்த அதே நேரத்தில், பிற்பகல் 3:36க்கு, பதிவிலும் விழும்படி தொடக்க நேரத்தைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு பெரியவரை நான்தான் காரில் அழைத்துப் போனேன். கண்பார்வை மங்கிவிட்டதால் இப்போது அவர் அரங்கிற்கு வருவதில்லை. காதுக்கு மட்டும் குறையில்லை. அன்று ஸ்கோர் கார்டும் பென்சிலும் என் மடியில் இருந்தன. எட்டாவது இன்னிங்ஸ் வந்தது. முடிவு என்ன என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். சிலருக்கு வர்ணனையின் சொற்களே மனப்பாடம். கிளெமென்டே பெயரை வர்ணனையாளர் சொன்னதும் பெரியவர் குடித்துக்கொண்டிருந்த காப்பியை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு, இரு கைகளையும் முழங்கால்மேல் ஊன்றி முன்னால் சாய்ந்தார். பந்து தத்திப் போனது. பிட்சர் ஓடத் தொடங்கினார். பெரியவரின் வலது கால் செருப்புக்குள் தரையை அழுத்துவது எனக்குத் தெரிந்தது.